உப்புத்தாள்

சொஹார் சனையாவில் முராத் தொண்ணூறு ரியால் கேட்டான்.
கொக்கி மாட்ட மட்டும்.
வயரிங் தனி.
"அதுக்கு நாளைக்கு ஆள் வருவான்" என்றான்.
அந்த நாளையை எனக்குப் பதினோரு வருடமாகத் தெரியும்.

வண்டியைத் திருப்பும்போதே சவரியிடம் சொன்னேன்,
நானே போடுகிறேன்.
அவர் சிரிக்கவில்லை. அதுதான் எரிச்சல்.
சிரித்திருந்தால் பதில் வைத்திருந்தேன்.

துக்முக்கு மாற்றல். எழுநூறு சொச்சம் கிலோமீட்டர்.
லாரிக்காரன் கட்டில் ஏற்றுவான், பிரிட்ஜ் ஏற்றுவான்,
நீல டிரம்மில் நிற்கும் எலுமிச்சையைப் பார்த்து
"மரமெல்லாம் ஏத்த மாட்டேன்" என்றான்.
ஐந்து வருடம் இலை காட்டியே ஏமாற்றிவிட்டு
இந்த வருடம்தான் பதினான்கு காய் விட்டது.
அப்படியானால் லாரி வேண்டாம்.
ஊருக்குத் திரும்பும் ரோடலிடம் நாற்பது ரியாலுக்கு டிரெய்லர் வாங்கினோம்.
படகையும் எடுத்துக்கோ என்றான். நீச்சல் தெரியாது என்றோம்.

ஆகஸ்ட். இரவு பதினொன்றுக்கும்
ஸ்பேனரைத் துணி சுற்றித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.
பம்பரில் பதினாறு கிளிப்.
நான் உடைத்தது நான்கு.
ஐந்தாவது அவர் உடைத்தது,
அது கணக்கில் வராது.
உள்ளே மணல், அதற்குள்ளே இன்னும் மணல்,
எந்த வழியாக ஏறியதோ ஒரு பேரீச்சங்கொட்டை.

இரும்புத் தண்டு இருபத்திரண்டு கிலோ.
மல்லாந்து படுத்து இரண்டு முழங்காலாலும் அவர் முட்டுக்கொடுக்க
நான் துளையைத் தேடினேன்.
துளை தெரிகிறது, போல்ட் தெரிகிறது,
ஒன்றையொன்று பார்க்க மாட்டேன் என்கின்றன,
சொத்துத் தகராறில் பிரிந்த பங்காளிகள் மாதிரி.
"சீக்கிரம்டி."
கல்யாணமான நாளிலிருந்து
அந்தக் குரலில் அவர் கெஞ்சியதில்லை.
கொஞ்சம் மெதுவாகவே மாட்டினேன்.

பிறகு கம்பிகள்.
பாலிடெக்னிக்கில் மூன்று வருடம் நான் படித்ததற்கு
விசாவில் ஒரே சொல் போட்டிருக்கிறார்கள்: இல்லத்தரசி.
மஞ்சள் இடது இண்டிகேட்டர், பச்சை வலது.
சிவப்பு பிரேக்.
கறுப்பும் பழுப்பும் வால்விளக்குகள்.
நீலம் மூடுபனிக்கு.
"மூடுபனியா? இங்கயா?" ஜெனிஃபா
தூக்கக் கலக்கத்திலும் டார்ச்சைச் சரியாகத்தான் பிடித்திருந்தாள்.
வரும்டி, டிசம்பரில் நாலு காலை. அன்றைக்கு ஸ்கூல் பஸ்தான் வராது.
வெள்ளை, எர்த்.

டிரெய்லரைக் கொழுவினோம்.
இடதுக்குப் போட்டால்
வால்விளக்குகளும் கூடவே கண்ணடித்தன.
பிரேக்கை மிதித்தால்
எல்லாம் சேர்ந்து மங்கலாக, காய்ச்சல்காரன் பார்வையில்.
"கம்பி மாறிடுச்சா?"
மாறவில்லை. ஏழும் எனக்கு மனப்பாடம்.
திரும்பும் வழி கிடைக்காத மின்சாரம்
எந்த வாசல் திறந்திருக்கிறதோ அதிலெல்லாம் நுழையும்.

வெள்ளைக் கம்பியின் போல்ட்டைக் கழற்றினேன்.
பளபளக்கும் பெயின்ட் மேலேயே வைத்து இறுக்கியிருக்கிறேன்!
இவ்வளவு அழகான பெயின்ட். மின்சாரத்துக்கு அது மதில்.
உப்புத்தாளை மடித்துத் தேய்த்தேன்.
ஏழு வருடம் நாங்கள் கழுவித் துடைத்த வெள்ளை
பொடியாக என் முகத்தில் உதிர்ந்தது.
இரும்பு வெளுக்கும் வரை தேய்த்து,
கிரீஸ் தடவி,
இறுக்கி,
வாயில் இருந்த பெயின்ட்டைத் துப்பிவிட்டு, "போடுங்க" என்றேன்.

இடது.
இடது மட்டும்.
வலது.
வலது மட்டும்.
மூன்றாவது மாடியில் யாரோ ஜன்னலைத் திறந்து
இந்த நேரத்தில் என்ன என்று கேட்டார்கள்.
பிரேக், என்றேன்.

வெள்ளி விடியலில் கிளம்பினோம்.
மரம் கயிற்றில் நிமிர்ந்து நின்றது,
டிரம்மின் மண்ணைச் சாக்கால் மூடியிருந்தோம்.

என் பையில் ஒரு வாஷர் மிச்சம் இருந்தது.
பெட்டியிலேயே ஒன்று கூடுதலாக வைத்திருப்பார்கள்,
அநேகமாக அதுதான்.
ஆதம் தாண்டும் வரை அதை விரலில் உருட்டிக்கொண்டே வந்தேன்.
சவரியிடம் சொல்லவில்லை.
கண்ணாடியை மட்டும்
அடிக்கடி பார்த்துக்கொண்டேன்.