பயனாளி

படிவத்தில் அப்படித்தான் போட்டிருந்தது.
பயனாளியின் பெயர்: தணிகாசலம். வயது எழுபத்து மூன்று.
தன்னார்வலர்: தஸ்தகீர், பி.காம்., இரண்டாம் ஆண்டு.
சனிக்கிழமை இரண்டிலிருந்து நான்கு வரை
அவன் என்னோடு பேசிக்கொண்டிருக்க வேண்டுமாம்.
அறுபது மணி நேரம் சேர்ந்தால் சான்றிதழ்.
எனக்குப் பேச்சுத்துணை இல்லையென்று
யார் எழுதிக் கொடுத்தார்களோ.
கீழ்வீட்டு சுகந்தியாகத்தான் இருக்கும்.

முதல் சனிக்கிழமை ஃபேனைப் பற்றிப் பேசினோம்.
'சத்தம் வருது சார்.'
'வரும்.'

அடுத்த சனி, தண்ணீர் எடுக்க உள்ளே போய்த்
திரும்புவதற்குள் தூங்கியிருந்தான்,
நாற்காலியிலேயே, வாய் திறந்து.
மடியில் படிவம்.
சட்டைக் காலருக்குள் இன்னொரு காலர்,
வீடுவீடாகச் சாப்பாடு கொண்டுபோகும் கம்பெனியின் சிவப்பு.

எழுப்பவில்லை.
முப்பத்தொரு வருஷம் மின்வாரியத்தில்
மீட்டர் ரீடிங் எடுத்தவன் நான்.
ஓட்டேரியிலும் புளியந்தோப்பிலும்
நான் நிற்காத வாசல் கிடையாது.
உட்காரச் சொன்ன வாசலை விரல்விட்டு எண்ணலாம்.
மாடிப்படிக்கு அடியில்
துடைப்பத்துக்கும் செருப்புக்கும் நடுவே குனிந்து
டார்ச் அடித்து, எண்ணைப் படித்து,
வெள்ளை அட்டையில் எழுதிவிட்டு
நாய் வருவதற்குள் அடுத்த வீடு.

நான்கு மணிக்குத் தானே விழித்தான்.
'சாரி சார், சாரி சார்.'
கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.
முந்தைய ரீடிங் இரண்டு, இன்றைய ரீடிங் நான்கு.
'எதைப் பற்றி உரையாடினீர்கள்?' என்ற கட்டத்தில்
கொஞ்சம் யோசித்து
'சேமிப்பின் அவசியம்' என்று எழுதினான்.
பி.காம். படிக்கிறவன் அல்லவா.

ஒரு ராத்திரி பதினொன்றரைக்குப் போன்.
'சார், பழைய எண் நாற்பத்தேழு, புதிய எண் பன்னிரண்டு,
எங்க சார் இருக்கு? பிரியாணி ஆறுது.'
கண்ணைத் திறக்காமலே சொன்னேன்:
மாவு மிஷினைத் தாண்டு, பச்சை கிரில் கேட்,
உள்ளே போனதும் வலதுபக்கம் மீட்டர் பெட்டி.
'மீட்டர் பெட்டி எதுக்கு சார்?'
அதுவும் சரிதான்.

அதற்கப்புறம்தான் பேச்சு வந்தது.
பெரும்பாலும் நாய்கள்.
எந்தத் தெருவில் குரைப்பது,
எந்தத் தெருவில் குரைக்காமல் கடிப்பது.
கெண்டைக்கால் தழும்பைக் காட்டினேன்.
அவன் முழங்கையைக் காட்டினான்.
'இது நாய் இல்ல சார். மெட்ரோவுக்குத் தோண்டுன பள்ளம்.'

கார்த்திகை மழையில் ஒருநாள் தப்பாக வழி சொல்லிவிட்டேன்.
நான் சொன்ன ஓட்டு வீடு போய்
ஆறு மாடி நிற்கிறதாம், முழங்கால் தண்ணீரில்.
தாமதமென்று நாற்பது ரூபாய் பிடித்துக்கொண்டார்கள்.
சனிக்கிழமை நாற்பதை நீட்டினேன்.
மறுப்பான் என்று பார்த்தால்
எண்ணிப் பார்த்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டான்.
அன்றைக்குத்தான் அவனை எனக்குப் பிடித்தது.

மாசியில் அறுபது முடிந்தது.
கல்லூரியிலிருந்து வந்து போட்டோ எடுத்தார்கள்.
எங்களைச் சிரிக்கச் சொன்னார்கள்.
'பயனாளியின் மனநிலை' என்பதற்கு எதிரே
என்னைக் கேட்காமலே டிக் அடித்தார்கள்.

பங்குனி வெயிலில் அடுத்த தன்னார்வலர் வந்தாள்.
வினோலியா, முதலாம் ஆண்டு.
புதுப் படிவம், மூடி கழற்றிய பேனா.
அவள் செருப்பைக் கழற்றிய இடத்தில்
ஏற்கெனவே ஒரு ஜோடி, சேறு காய்ந்து கிடந்தது.
கூடத்தில் பாய்.
பாயில் குப்புற ஒரு சிவப்பு முதுகு.
'இவர் யாரு சார்?'
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
'முந்தைய ரீடிங்' என்றேன்.
அவளுக்கு எப்படிப் புரியும்.

நாற்காலியை இழுத்தாள். கிறீச்சென்றது.
முதுகு ஒருமுறை அசைந்து அடங்கியது.
'சார், இன்னைக்கு உங்க மனநிலை...'
விரலை உதட்டில் வைத்தேன்.