நாமினி

கஸ்பார் தவறிப்போன பதினோராம் நாள்
க்ளெய்ம் பாரத்தோடு போயிருந்தேன்,
கல்மண்டபம் தாண்டி இரண்டாவது சந்து.
ரெஜினாள் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.
கூண்டுக்குள்ளிருந்து கஸ்பார் கேட்டார்:
"ரெஜினா, சாவி எங்கம்மே?"

பேனாவைத் தவறவிட்டது நான்தான்.
அவள் நிமிரவில்லை.
"அது அப்டித்தான் சார். சாய்ங்காலம் ஆனா கேக்கும்."

துறைமுகப் புகையிலேயே வளர்ந்ததுபோல் சாம்பல் உடம்பு,
வால் மட்டும் சிவப்பு.
பதிவுச் சீட்டில் வயது இருபத்திரண்டு.
இன்னும் முப்பது வருஷம் தாராளமாகத் தாங்கும் என்றார்
வேப்பேரி ஆஸ்பத்திரி டாக்டர், பிற்பாடு.

மகன் பாண்டிச்சேரியில் ஃபிளாட் வாங்கியிருக்கிறான்.
அசோசியேஷன்காரர்களுக்குச் சத்தம் ஆகாதாம்.
பணத்துக்கு நாமினி இருந்தாள்.
பறவைக்கு அந்தக் கட்டமே இல்லை.

மடிமேல் வைத்து ஆட்டோவில் கொண்டுவந்தேன்
தண்டையார்பேட்டைக்கு.
எதிரே வந்த ஒவ்வொரு கன்டெய்னர் லாரிக்கும்
அதுவும் ஏர்பிரேக் போட்டது.

முதல் மாதம் முழுக்க
மார்பு இறகைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டது.
அமுதவல்லி தினம் பெருக்கினாள்.
"தனியா விட்டா பிச்சிக்குமாம்"
டாக்டர் சொன்னதைச் சொன்னேன்.
துடைப்பத்தோடு நின்று
கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள்.
மறுநாளிலிருந்து கூண்டு சமையலறை ஜன்னலில்.

எனக்கு ஐம்பத்து மூன்று.
கணக்குதான் என் பிழைப்பு.
எத்தனை வீட்டுக் கூடத்தில் சொல்லியிருக்கிறேன்,
"உங்களுக்கப்புறம் யாருன்னு யோசிங்க" என்று,
காப்பி ஆறுவதற்குள்.
அதையே ஒரு ராத்திரி மோனிஷாவிடம் கேட்டேன்.
போனிலிருந்து கண்ணெடுக்காமல்,
"எந்த ஊர்ல வேலைன்னே தெரியாதுப்பா.
எந்த வீடு, யாரோட, ஒண்ணும் தெரியாது."
அப்புறம் எழுந்துபோய்
ஒரு கொய்யாத் துண்டைக் கம்பிக்குள் நீட்டினாள்.
அதைச் சம்மதம் என்று
நான் எழுதிக்கொள்ளவில்லை.

இப்போதெல்லாம் இருமல் வந்தால்
மொட்டைமாடிக்கு ஏறிவிடுகிறேன்.
சண்டை என்றால் நானும் அமுதவல்லியும்
தண்ணி லாரி நிற்கிற முனைவரை நடந்து,
அங்கே போட்டுக்கொண்டு திரும்புகிறோம்.
இன்னும் பிறக்காத யாரோ ஒருத்தர் வீட்டில்
என் இருமல் எதற்கு?

போகிற இடத்துக்குக் கொண்டுபோக
ஒரு நல்ல வார்த்தை கொடுத்துப் பார்த்தேன்,
யாருக்கும் வலிக்காததாக.
"சாப்ட்டியா?" மூன்று வாரம், காலையும் மாலையும்.
கழுத்தைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டது.
அதோடு சரி.

நேற்று ஆறேகால்.
காசிமேட்டுக் காற்று கருவாட்டு வாடையோடு
ஜன்னலுக்குள் வந்த நேரம்.
"ரெஜினா, சாவி எங்கம்மே?"
அரிசி களைந்துகொண்டிருந்த அமுதவல்லி
திரும்பாமலே சொன்னாள்:
"ஆணியிலதான் மாட்டிகீது, பாரு."

கொஞ்சம் சும்மா இருந்தது.
பிறகு இறகைச் சிலிர்த்து,
என் தொண்டையால் இரண்டு முறை இருமியது.

மாடியிலிருந்தும்
கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது.