மேற்குப் பக்கம்

முதலில் ஆட்டைத்தான் சந்தேகப்பட்டேன்.
காம்பவுண்டு இடிந்த இடத்தில் தலையை நுழைக்கும்
பின்வீட்டு ஆடு.
பல் பட்ட தடம் இல்லை.

பிறகு துணிக்கொடிக் கம்பி.
ஊசிக்கு முன் முழங்கைக்கு மேலே நான் கட்டும் ரப்பரைப் போல
நாலு வருடமாய் அத்தியை இறுக்கிக்கொண்டிருந்தது.
அவிழ்த்தேன்.
தழும்பு இருந்தது. காயம் அங்கே இல்லை.

நாலு ரோடு லேபில் ஒரு நாளைக்கு அறுபது கை.
நரம்பு தேடித் தேடி
விரல்நுனிக்குக் கண் வந்துவிட்டது.
அந்த விரலால் தட்டிப் பார்த்தேன்.
கிழக்கே திடம். வடக்கே திடம்.
மேற்கே, இடுப்பு உயரத்தில்,
காலி டப்பாவின் சத்தம்.

பட்டை வெடித்து
மொட்டைமாடி அப்பளம் மாதிரி எழும்பி நின்றது.
தூரில் மரத்தூள்,
ஈரமாய், வறுத்த ரவை நிறத்தில்.

அன்றிரவு கரண்ட் போனபோது காதை வைத்தேன்.
உள்ளே யாரோ பொறுமையாய்
முறுக்குத் தின்றுகொண்டிருந்தார்கள்.

கன்று கொடுத்த ஏற்காடு அடிவாரத்து அருளப்பன்
போனில் கேட்டார்:
"மேற்கே நிழலுக்கு என்னம்மா இருக்கு?"
ஒன்றுமில்லை என்றேன்.
"முன்னே?"
லைன் கட்டாகவில்லை. நான்தான் பேசவில்லை.

முன்னே முருங்கை இருந்தது.
கம்பளிப்பூச்சி பட்டுத் தடித்த கையோடு
தையில் ஆள் கூப்பிட்டு வெட்டச் சொன்னேன்.
எண்ணூறு ரூபாய், இரண்டு டீ.
பங்குனியில், சேலத்து மூன்று மணி வெயில்
நிழலிலேயே வளர்ந்த பட்டையைப்
பார்த்துவிட்டது.
வெந்தது, வெடித்தது.
வெடிப்பில் ஒரு வண்டு முட்டை வைத்துப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை நகத்தால் கீறிக்கொண்டே போனேன்.
பழுப்பு, பழுப்பு, பழுப்பு,
பச்சை.
அங்கே மகனின் ஸ்கெட்ச் பேனாவால் கோடு.
இறந்ததை மட்டும் எடுத்தேன்,
மேலும் கீழும் கூராக, தோணி போல.
தண்ணீர் தேங்கக் கூடாதாம்.
உயிருள்ள விளிம்பைத் தொட்டதும் பால் கசிந்தது.
மணிக்கட்டில் பட்டு மூன்று நாள் எரிந்தது.

பக்கத்து வீட்டு இர்ஃபான் சைக்கிள் ஸ்போக் ஒன்றை
நுனி வளைத்துக் கொடுத்தான்.
துளையில் விட்டுத் திருகி இழுத்தேன்.
வெண்ணெய் நிறம், சுண்டுவிரல் நீளம், தலை மட்டும் கருப்பு.
பழக்க தோஷம், சாம்பிள் டப்பாவில் போட்டு மூடினேன்.
பிறகு காக்கைக்கு.
துளைக்கு மண்ணெண்ணெய்ப் பஞ்சு, மேலே களிமண்.

லீ பஜாரில் மயில்துத்தம் வாங்கி
அதைத் தனியே, சுண்ணாம்பைத் தனியே கரைத்துச் சேர்த்தேன்.
"கத்தியை முக்கிப் பாருங்க,
செம்பு ஏறுனா சுண்ணாம்பு பத்தலை."
ஏறியது. இன்னொரு கை.
ஏறியது. இன்னும் கொஞ்சம்.
மூன்றாம் முறை இரும்பு இரும்பாகவே வந்தது.
ரிசல்ட் நார்மல் என்று
யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.
பின்கட்டில் ஆடு மட்டும் நின்றது.
அதனிடம் சொன்னேன். ஒரு மன்னிப்பும் பாக்கி இருந்தது.

இப்போது ஆவணி.
விளிம்பு இரண்டும் உதடாய்த் தடித்து
உள்ளே சுருள்கின்றன.
ஒரு சாண் அகலத்தில் இரண்டு விரல் குறைந்திருக்கிறது.
மேல்முனை மூடவில்லை.
புதுத் தூள் விழுந்திருக்கிறதா என்று டார்ச் அடிப்பது
பல் தேய்ப்பதற்கு முந்திய வேலை.
கிழக்குக் கிளையில் ஐந்து காய்.
இரண்டைக் கொண்டைக்குருவி முடித்துவிட்டது.

இர்ஃபான் வீட்டிலிருந்து ஒரு முருங்கைப் போத்து வாங்கி
தலையில் சாணி அப்பி மேற்கே ஊன்றியிருக்கிறேன்.
அது நிழலாக இரண்டு கோடை பிடிக்கும்.
அதுவரை ஒரு சாக்கு.
மூன்று மணிக்கு நான் லேபில் இருப்பேன்,
மகன் பள்ளியில்.
சாக்கு நழுவாமலிருக்க வேண்டும்.
கட்டியிருப்பது லேபின் பழைய ரப்பர்தான்,
நாலைந்தை ஒன்றாய் முடிந்து,
இரண்டு விரல் நுழையும்படி
தளர்வாக.