மறுமொழிக்குப் பன்னிரண்டு மணி நேரம்

தார்த்து நகரின் வேலைவாய்ப்பு அலுவலகம்.
என் சீட்டில் நாற்பத்தேழு,
பலகையில் முப்பத்தெட்டு.
ஆளுக்கு ஆறு நிமிடம் என்று வைத்தாலும்
இன்னும் ஐம்பத்துநான்கு நிமிடம்
சொல்லவேண்டியதை உள்ளுக்குள் சொல்லிப் பார்க்கலாம்.

வணக்கம், என் பெயர் டாவேட் கல்யுஸ்தே.
இதில் வணக்கம் தேவையா?
அவர் முந்திக்கொண்டால்
என் வணக்கம் பதிலாகிவிடும்.
பதிலுக்கு வேறு குரல் வேண்டும்.
அதை நான் ஒத்திகை பார்க்கவில்லை.

முப்பத்தொன்பது.

கடைசியாக இருந்தது ரொட்டிக்கடையில்.
கறுப்பு ரொட்டி கேட்டவருக்கு
ரொட்டியை மட்டும் கொடுத்தால் போதாது,
கூடவே கொஞ்சம் வானிலையும் கொடுக்கவேண்டும்.
ஒருநாள் ஒரு பெண்
"இன்று எனக்குப் பிறந்தநாள்" என்றாள்.
வாழ்த்து என்ற சொல் தொண்டையில் சிக்கி
"எனக்கும்" என்று வெளியே வந்தது.
திருத்தியிருக்கலாம்.
திருத்த இன்னும் நாலு வாக்கியம் பேசவேண்டும்.
மறு வருடம் அதே தேதியில்
மெழுகுவத்தியோடு வந்தாள்.
அதற்கடுத்த வருடம் வருமுன்
வேலையை விட்டுவிட்டேன்.

நாற்பத்தொன்று. நாற்பதாவது ஆள் ஓடிவிட்டாரோ,
எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

என்ன வேலை வேண்டும் என்று கேட்பார்கள்.
எதுவானாலும் சரி என்பேன், அது பொய்.
எனக்கு வேண்டியது
எமயெகி ஆற்றில் பனிக்கட்டியின் கனம் அளக்கும் வேலை.
அப்படி ஒரு வேலை உண்டா என்று தெரியாது.
கேட்க ஒரு தொலைபேசி எண் இருந்தது, அதனால் கேட்கவில்லை.

விடியுமுன் நாலு மணி.
துளைப்பான், அளவுகோல், முழங்கால்வரை கம்பளி.
ஆறு என்னை நிமிர்ந்து பார்க்காது.
பதினெட்டு சென்டிமீட்டர் என்றால் பதினெட்டுதான்,
அதை நான் எந்த முகத்தோடு சொன்னேன் என்று
இரவு படுக்கையில் புரண்டு புரண்டு
யோசிக்க வேண்டியதில்லை.

ஆட்களே இல்லாத வேலை என்றுதான்
இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.
இன்று, இந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில்,
கவனித்துவிட்டேன்:
என் கற்பனையில் எப்போதும்
பாலத்தூணில் ஒரு தகரப்பெட்டி இருக்கிறது.
பெட்டிக்குள் ஒரு நோட்டு.
நோட்டில், என்னுடையதல்லாத சாய்ந்த கையெழுத்தில்,
"இரண்டாம் துளைப் பக்கம் விரிசல். பார்த்து நட."

யார் அது?
மாலை முறைக்காரர்.
பார்த்ததில்லை, பார்க்கப்போவதுமில்லை.
"பார்த்தேன். நன்றி" என்று எழுதுகிறேன்.
நன்றியை அடிக்கிறேன். மறுபடி எழுதுகிறேன்.
எத்தனை முறை அடித்தாலும் யாரும் காத்திருக்கவில்லை;
மறுமொழி சொல்லப்
பன்னிரண்டு மணி நேரம் இருக்கிறது.
ஒரு மார்ச்சில், பனி உடையத் தொடங்கும்போது,
அவர் எழுதுவார்: "எனக்கு இன்று பிறந்தநாள்."
நான் சரியாக எழுதுவேன்.

நாற்பத்தேழு.

பலகை என் எண்ணை இரண்டுமுறை கூவியது.
வயிற்றில் புளி கரைந்தது.
மேசைக்கு அந்தப்பக்கம் ஒரு பெண்,
சட்டையில் பெயர்ப்பட்டை: ஐலி.
"வணக்கம்" என்றாள். முந்திக்கொண்டாள்.

என் வாய் திறந்தது. காற்று வந்தது.
இன்னொருமுறை திறந்தேன், அதே காற்று.
பின்னால் யாரோ இருமினார்கள்.
ஓடிவிடலாம், நாற்பதாவது ஆளைப்போல.

அதற்குள் கை, என்னைக் கேட்காமல்,
சீட்டைத் திருப்பிப்போட்டு எழுதியது:
பனிக்கட்டியின் கனம் அளக்கும் வேலை இருக்கிறதா?

நகர்த்தினேன்.
அவள் படித்தாள். சிரிக்கவில்லை.
என் முகத்தைப் பார்க்காமல்
பேனாவை எடுத்தாள்.
அந்தச் சின்னச் சீட்டில் மிச்சமிருந்த மூலையில்
நுணுக்கி எழுதித் திருப்பித் தள்ளினாள்:

தெரியவில்லை, விசாரிக்கிறேன்.
ஓட்டுநர் உரிமம் உண்டா?

இல்லை.
அதை எழுத எனக்கு
ஒரு முழு நிமிடம் ஆனது.
ஐலி அதற்குள் பென்சில் ஒன்றைச் சீவிக்கொண்டிருந்தாள்,
ஏற்கெனவே கூராக இருந்த பென்சில்.