சிரிக்காத இடம்

மூன்று நாள் வாடகை பன்னிரண்டாயிரம்,
கரண்ட் பில் தனி, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.
இந்தப் பேச்சுக்கு
எங்கள் வீடு ஒரு படத்தில் நடித்தது.

கொருக்குப்பேட்டை, இரண்டாவது மாடி.
ஜன்னலைத் திறந்தால் ரயில்வே கேட்.
டைரக்டர் பையன் இர்பானிடம் கதை கேட்டேன்.
"காமெடிக்கா. பதினாலு வருஷத்து புருஷன் பொண்டாட்டி.
போரடிக்குது. ஆளுக்கொரு பக்கம்
வேற ஆளைப் பாத்துக்கிறாங்க."
அப்புறம்?
"அப்புறம் மாட்டிக்கிறாங்க."
இதில் காமெடி எங்கே என்று கேட்க வந்து
டீ போடப் போய்விட்டேன்.

கதாநாயகி என் நைட்டியைக் கேட்டாள்.
புதுசு எடுத்துக் கொடுத்தால் வேண்டாமாம்,
கொடியில் தொங்குகிற, மஞ்சள் கறை பிடித்ததுதான் வேண்டுமாம்.
எங்கள் கட்டிலில் இரண்டு பேர்
முதுகு காட்டிப் படுத்தார்கள்.
"இன்னும் கொஞ்சம் தள்ளி" என்றான் இர்பான்.
தள்ளினார்கள்.
"நெஜமா தெரியலையே."
நான் போய், துவைத்து மடிக்காத துணியை எல்லாம்
நடுவில் கொட்டிவிட்டு வந்தேன்.
ஷாட் ஓகே.

கடைசி ராத்திரி, சவுண்டு எடுக்கிற பெண்
யாரும் அசையாதீங்க என்றாள்.
அறையின் வெறும் சத்தம் ஒரு நிமிஷம் வேண்டும்,
பேச்சுக்கும் பேச்சுக்கும் நடுவில் ஒட்ட.
ஃபேனை நிறுத்தினார்கள். ஃப்ரிட்ஜை நிறுத்தினார்கள்.
என் வீட்டுக்காரர் டில்லிபாபு வாசல்படியில்,
நான் சமையல்கட்டில்.
இருபது பேர் தவித்தார்கள்,
ஒருத்தன் இருமலை விழுங்கிக் கண் சிவந்தான்.
எங்கள் இருவருக்கு மட்டும்
அந்த நிமிஷம் சுலபமாகப் போனது.

படம் எந்தத் தியேட்டருக்கும் வரவில்லை.
ஏழு மாசம் கழித்து, தண்டையார்பேட்டையில்
ஒரு கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில்
வெள்ளைத் துணி கட்டிப் போட்டார்கள்.
பிளாஸ்டிக் நாற்காலி, ஆளுக்கு ரெண்டு போண்டா,
கேரம் கிளப் பையன்கள் கடைசி வரிசை.
எங்கள் பீரோ தெரிந்ததும் விசில்.

புருஷன் போனில் சொல்கிறான்:
"கேட்டு போட்டுட்டான்டி, முக்கா மணியாவும்."
அவன் தட்டில் ஒரு வளையல் கை
ஆப்பம் வைக்கிறது.
கூடமே உருண்டு சிரித்தது.
டில்லிபாபு சிரிக்கவில்லை.
போண்டாவைப் பிட்டு உள்ளே எதையோ தேடினார்.
அதே வார்த்தையை எத்தனை தடவை
ஜன்னலோரம் நின்று போனில் கேட்டிருக்கிறேன்.
கீழே கேட் திறந்துதான் கிடக்கும்,
ஷேர் ஆட்டோ போய்க்கொண்டிருக்கும்.

இடைவேளைக்குப் பிறகு, அந்தப் பொண்டாட்டி
தண்ணீர் ஃபில்டர் பைப்பைத் தானே பிடுங்கிவிட்டு
மெக்கானிக்குக்குப் போன் போடுகிறாள்.
இப்போது டில்லிபாபு தொடை தட்டிச் சிரித்தார்.
பாதிச் சிரிப்பில் திரும்பினார்.
நான் சேலைத் தலைப்பில் நூல் பிரித்துக்கொண்டிருந்தேன்.
எங்கள் வீட்டு ஃபில்டர்
இந்த வருஷத்தில் நாலு தடவை ரிப்பேர்.

வெளியே வந்து இர்பானைப் பிடித்தேன்,
எங்கேர்ந்துடா புடிச்ச இதையெல்லாம்?
"எங்க வீட்லேர்ந்துதான்க்கா" என்றான்,
கண்ணாடியைத் துடைத்தபடியே.

திரும்பும்போது
கேட் நிஜமாகவே மூடியிருந்தது.
வண்டியை அணைத்தார். கூட்ஸ் ஊர்ந்தது.
பெட்டிகளை எண்ணினேன், முப்பத்தொன்றில் விட்டுவிட்டேன்.
"படம் எப்டி?"
"கொஞ்சம் இழுவ."
"அந்த நைட்டி உன்னுதுதான?"
"ஆமா."
"அவளுக்கு நல்லால்ல."

கேட் திறந்தது. எல்லாரும் கிளம்பினார்கள்.
அவர் சாவியைத் திருப்பவில்லை.
முன்னால் அவர் தோள் குலுங்கத் தொடங்கியது,
ஹெல்மெட்டுக்குள் என்ன நடந்ததோ தெரியாது.
என் வயிற்றிலும் ஏதோ கிளம்பி மேலே வந்தது.
பின்னாலிருந்து ஆட்டோக்காரன் ஹாரனை அமுக்கினான்:
"இன்னாபா, குடும்பத்தோட தூங்கிட்டியா?"