தேடி

கொரோய்ட் ஊருக்குக் கிழக்கே, அணைந்த எரிமலையின் காலடியில்
லெனிகனுக்கு ஏழு உருளைக்கிழங்கு வயல்கள்.
ஏழுக்கும் பெயர் உண்டு.
பாதிரியார் வயல், நீள்துண்டு, கல்மடை,
கிணறு தூர்ந்து நாளான ஹனோரா கிணறு,
பிறகு, கடல் தெரியும் மேட்டில், தேடி.

'தேடிக்குப் போ' என்பார் காலையில்.
வந்த புதிதில் சிரித்துவிட்டேன்.
என் மொழியில் அது பாதியில் நிற்கும் சொல்.
எதைத் தேடி, யாரைத் தேடி என்று
பின்னால் ஒரு வினை வந்து சேரும்வரை
கதவைத் திறந்தே வைத்திருக்கும்.
வினையெச்சம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது.
அவருக்கு அது வெறும் பதினொரு ஏக்கர்.

வேலைநேரக் குறிப்பேட்டில் தமிழில்தான் எழுதுவேன்.
செவ்வாய், தேடி, 8.
புதன், தேடி, மழை, 4.5.

நோரீன் ஹாலிநன் வந்தது மார்ச் மாதம்,
கல்கூர்லியிலிருந்து, இரண்டு விமானம், ஒரு வாடகைக் கார்.
சுரங்கத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர்.
கையில் பிளாஸ்டிக் உறைக்குள் தாள்கள்.
கப்பல் பட்டியலில் திமத்தி.
ஞானஸ்நானப் பதிவில் ததேயு.
நிலவரிப் புத்தகத்தில் வெறும் டி.,
பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி, அதுதான் கையெழுத்து.
கிளேர் மாவட்டத்தில் அழுகிய கிழங்கை விட்டுவிட்டு வந்து
இங்கேயும் கிழங்கையே நட்ட மனிதர்.
ஒருவரைத் தேடுகிறேனா மூவரையா என்று
ஒன்பது வருடமாகத் தெரியவில்லை என்றார்.

கல்லறையில் பார்த்தாயிற்று. சுண்ணாம்புக் கல்,
உப்புக்காற்று எழுத்தை நக்கிவிட்டது.
மதுக்கடையில் கேட்டாயிற்று.
அங்கே எல்லோருக்கும் எல்லாம் ஞாபகம் இருந்தது,
எந்த வருடம் எந்தக் குதிரை ஜெயித்தது,
எந்தக் குடும்பம் எந்தக் குடும்பத்தோடு பேசாது,
ஏன் பேசாது என்பதைத் தவிர.
'ஹாலிநனா? இந்தப் பக்கம் அப்படி யாரும் இல்லையே'
என்றார் லெனிகன், டிராக்டரை அணைக்காமல்.

காருக்குத் திரும்பும்போது நோரீன்
தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்:
'அப்பா அவரைத் தேடி என்றுதான் சொல்வார்.'

என் கையில் தேநீர்.
'இன்று காலை அங்கேதான் இருந்தேன்' என்றேன்.

டிராக்டர் அணைந்தது.
அறுபத்துமூன்று வருடம் வாயில் கிடந்த பெயர்
முதன்முறையாக ஓர் ஆளாகி
லெனிகனைத் திரும்பிப் பார்த்தது.

மேட்டின் வடமேற்கு மூலையில்
கலப்பை போகாத துண்டு ஒன்று உண்டு.
இரண்டு முறை கொழு முறிந்தபின் விட்டுவிட்டார்கள்.
கற்கள். நடுவே, ஓர் இலைகூட இல்லாமல்,
தண்டு மட்டும் நிமிர்ந்து
இளஞ்சிவப்பு லில்லிகள்.
'தானாக வராது இது' என்றார் நோரீன்.
'யாரோ வாசலில் நட்டது.'
வரிசையை எண்ணிக்கொண்டே போய்
இங்கே கதவு என்றார்.
நாங்கள் மூவரும் சட்டென்று விலகி நின்றோம்,
வழியை மறித்துவிட்டதுபோல.

அந்தக் கதவுக்கும் முன்னால் இந்த மேட்டுக்கு
வேறு மக்கள் வைத்த பெயர் இருந்திருக்கும்.
கேட்டேன்.
லெனிகன் தொப்பியைக் கழற்றினார், திரும்பப் போட்டார்.
தெரியாது என்றார்.

எச்சம் என்றால் மிச்சம்.
பெற்ற பிள்ளைகளுக்கும் அதே சொல்தான்.
இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வதென்று தெரியாமல்
குறிப்பேட்டைக் காட்டினேன்.
கொம்பையும் சுழியையும் விரலால் தடவினார்.
'நாலாவது எழுத்துக்கூட்டல்' என்று சிரித்து
படம் எடுத்துக்கொண்டார்.
என் அட்டைகளிலும் மூன்று பெயர் இருக்கிறது.
அதைச் சொல்லவில்லை.

மாலையில் எழுதினேன்.
வியாழன், தேடி, 7.5.
பூவருகே நின்ற அரை மணியைக் கழித்திருந்தேன்.
எண்ணை மட்டும் படிக்கத் தெரிந்த லெனிகன்
பேனாவை வாங்கி
எட்டாக்கினார்.