ஐந்தாம் பருவம்

வில்யாந்தியிலிருந்து அட்டைப்பெட்டியில் நான்கு மாதிரிகள்
கொண்டுவந்து சமையலறை மேசையில் பரப்பினான் இந்த்ரெக்.
சுட்ட மண் ஓடு.
உப்புத்தாள் போலச் சொரசொரக்கும் தார்த்தகடு.
ஆஸ்பன் மரச் சில்லு.
மடிப்பு வைத்த தகரம்.
பூனை தகரத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டுச்
சில்லென்றதும் எழுந்து போனது.

"நான்கு பருவத்துக்கும் உத்தரவாதம்" என்றான்.
கையேட்டில் அதற்கு நான்கு கட்டங்கள்:
துளிர்க்கும் இலை, சூரியன், உதிரும் இலை, பனித்துளி.
ரைவோ சிரித்தான்:
"இங்கே ஐந்து, தம்பி."

மார்ச் முடிந்தும் முடியாத ஒரு வாரத்தில்
ஹல்லிஸ்தே ஆறு படுக்கையைவிட்டு எழும்.
வேலி, கொட்டகை, உருளைக்கிழங்கு வயல் என்று
ஒவ்வொன்றாக மிதித்துக்கொண்டு வரும்.
கோழிகள் பரணுக்குப் போகும்.
தபால்பையை மடியில் வைத்துக்கொண்டு
நான் வீடு வீடாகத் துடுப்புப் போடுவேன்.
ஜன்னல் வழியே கையெழுத்து வாங்கியிருக்கிறேன்.
அதெல்லாம் பழகிவிட்டது.
கிணறு மூழ்குவதுதான் பழகவில்லை.
அது மூழ்கிவிட்டால்
கூரையில் விழுந்து வழிவதுதான் எங்கள் குடிநீர்.

இப்போதிருப்பது கல்நார் அட்டை.
கூட்டுப்பண்ணைக் காலத்தில் வந்தது, சாம்பல் நிறம்.
அதைக் கழற்ற விலை சொல்ல வந்தவர்கள்
முகமூடி போட்டிருந்தார்கள்.
"இதற்கடியிலா இத்தனை வருடம் இருந்தீர்கள்?"
என்று கேட்டான் ஒருவன்.
அடியில்தான் இருந்தோம் என்றேன்.
இதைத்தான் குடித்தோம் என்று சொல்லவில்லை.

அன்றிரவு சண்டை.
ரைவோ பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன்:
"நாள் முழுக்க ஊர்ப்பனி, வந்தால் வீட்டுப்பனியா?
தகரம் போடு. தானாகச் சரியட்டும்."
நடுராத்திரியில் சரிந்தால்
மாடியில் யாரோ பீரோவை இழுப்பது போலிருக்கும் என்றேன்.
நமக்கு மாடியே இல்லையே என்றான்.
ஓடு போடலாமே என்றேன்.
ஓடு என்றால் உத்தரம் மாற்ற வேண்டும்,
உத்தரம் மாற்றினால் சுவர்,
சுவரைத் தொட்டால் வங்கி,
அப்புறம் நாம்தான் ஓட வேண்டும் என்றான்.
சிரிக்கக்கூடாதென்று திரும்பிப் படுத்தேன்.

தூக்கம் வரவில்லை.
எழுந்துபோய் மழைப்பீப்பாயில் தண்ணீர் மொண்டு
நான்கு மாதிரிகள் மீதும் ஊற்றி
வழிந்ததை நான்கு கிளாசில் பிடித்து மூடி வைத்தேன்.
விடிந்ததும், பல் துலக்குமுன், ஒவ்வொரு வாய்.

ஓடு: நனைந்த தரை, கூடவே கொஞ்சம் பள்ளிக்கூடச் சுண்ணக்கட்டி.
தார்: பேருந்து நிலையம்.
துப்பிவிட்டேன்.
மரம்: முதலில் கசப்பு, பிறகு எங்கிருந்தோ ஓர் இனிப்பு,
நிறம்கூட ஆறிய தேநீர் போல.
இன்னொரு வாய் குடித்தேன். இன்னொன்றும்.
மிகவும் பிடித்தது; அதுதான் பயம்.
எனக்குப் பிடிப்பதையெல்லாம்
பாசிக்கும் பிடிக்கும்.
தகரம்: ஒன்றுமில்லை.
நாக்கு நுனியில் ஒரு சில்லறைக் காசு,
அதையும் யாரோ உடனே எடுத்துக்கொண்டார்கள்.

படிவத்தில் 'தேர்வுக்கான காரணம்' என்ற இடத்தில்
விலை, ஆயுள், தோற்றம், மற்றவை.
மற்றவையில் 'சுவை' என்று எழுதினேன்.
மறுநாள் இந்த்ரெக்கின் குரல் தொலைபேசியில்:
"அம்மா, இது கூரைக்கான படிவம்தானே?"

அக்டோபரில் போட்டு முடித்தார்கள்.
ஜனவரியில் ஒரு மூன்று மணிக்கு
பீரோ இழுபட்டது.
நான் எழுந்து உட்கார்ந்தேன்.
ரைவோ புரண்டுகூடப் படுக்கவில்லை.

இந்த வருடம் ஆறு வேலியோடு நின்றுகொண்டது.
கிணறு ஒரு சாண் உயரத்தில் தப்பித்து
எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தது.
இருந்தாலும் மழை வந்தபோது
குழாயடியில் வாளியை வைத்தேன்.

பெயிண்ட் வாசம் அடிக்கிறது.
அடுத்த மழையில் போய்விடும் என்கிறான் ரைவோ.
அவனுக்கென்ன தெரியும்,
பனியைத்தவிர.